இன்னலிடையே இறைவன்

திருச்சிற்றம்பலம்



திருவிழாக் காலத்தில் கொடிமரத்தின் அருகே நின்று வணங்குவோர் முகங்களை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். நாதசுரம் முழங்குகின்றது, பஞ்சமூர்த்திகள் எழுந்தருளுகின்றனர், வீதியெங்கும் தோரணமும் விளக்கும் பொலிகின்றன. ஆயினும் கூப்பிய கைகளுக்குப் பின்னே ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு சுமை இருக்கின்றது. மகளுக்கு வரன் அமையவில்லையே என்னும் கவலை ஒருவர்க்கு. விளைந்த நெல்லை விற்றும் தீராத கடன் மற்றொருவர்க்கு. நோயில் கிடக்கும் கணவரை அயலாரிடம் ஒப்புவித்து ஒரு நாழிகை ஓடி வந்தவர் இன்னொருவர். இவர்கள் யாவரும் ஆலயத்திற்கு வரும்போது கவலையை வாயிலில் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை. வரவும் வேண்டுவதில்லை.

"கவலை தீரட்டும், பிறகு அமைதியாக வழிபடலாம், பிள்ளைகள் தலையெடுக்கட்டும், பிறகு திருமுறை ஓதலாம்" என்று நம்மிற் பலர் நாளைத் தள்ளிப் போடுகின்றோம். அலை ஓய்ந்த பின் கடலாடக் கருதுவார்க்கும் நமக்கும் வேற்றுமை இல்லை. இன்னல் ஓய்ந்த பின் இறைவன் வருவான் என்பதன்று நம் சமயம் காட்டும் நெறி. இன்னலின் நடுவிலேயே அவன் நிற்கின்றான் என்பதே அது. இதனை நம் திருமுறைகளும் அடியார் வரலாறுகளும் எங்ஙனம் உணர்த்துகின்றன என்பதைச் சிறிது சிந்திப்போம்.

அடியார் கேட்கும் கேள்வி

சொற்பொழிவு முடிந்து திருநீறு வழங்கும் வேளையில் அடியார் சிலர் அருகில் வந்து தாழ்ந்த குரலில் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "ஐயா, நாற்பது ஆண்டாக விளக்கேற்றுகின்றேன், பிரதோடம் தவறியதில்லை, என் துன்பம் மட்டும் தீரவில்லை. குறை என் வழிபாட்டிலா? அன்றி இறைவன் திருச்செவி சாய்க்கவில்லையா?" என்பர்.

இதனை நாத்திகர் கேள்வி என்று ஒதுக்குதல் தகாது. இறைவனிடத்தில் அன்பு இல்லாதவர் இப்படிக் கேட்க மாட்டார். உறவு உடையார்க்கே ஊடல் உண்டு. "எல்லாம் வினைப்பயன், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வாய்ச்சொல்லால் முடித்துவிடுவதும் தகாது. புண்ணில் விழுந்த கோலுக்கு ஒப்பாகும் அச்சொல். இக்கேள்விக்கு விடை வேண்டுவோர் செல்லத்தக்க இடம் ஒன்று உண்டு. அது பண்ணுருட்டிக்கு அண்மையில், கெடில நதியின் கரையில் விளங்கும் திருவதிகை வீரட்டானம்.

திலகவதியார் பெற்ற விடை

திருவாமூரில் புகழனார்க்கும் மாதினியார்க்கும் பிறந்த மக்கள் இருவர். மூத்தவர் திலகவதியார், இளையவர் மருணீக்கியார். திலகவதியார்க்குப் பன்னிரண்டு வயது ஆனபோது கலிப்பகையார் என்னும் படைத்தலைவர்க்கு அவரை மணம் பேசினர். திருமணம் நிகழுமுன் அவர் அரசன் ஏவலால் போருக்குச் சென்றார். அவ்வேளையில் புகழனார் நோயுற்று இறந்தார். கணவரைப் பிரிந்து வாழ மாட்டாது மாதினியாரும் உயிர் நீத்தார். போர்க்களம் சென்ற கலிப்பகையாரும் திரும்பவில்லை. தந்தை, தாய், மணாளராக வரவிருந்தவர் என மூவரையும் ஒருசேர இழந்து நின்றார் அந்த இளம்பெண்.

இனி வாழ்வில்லை என உயிர்விடத் துணிந்தவரைத் தம்பியார் அடியில் விழுந்து அழுது தடுத்தார். தமக்கை போனால் தாமும் இரார் என்பதைக் கண்டு, தம்பிக்காகவே உயிர் தாங்கினார் திலகவதியார். அந்தத் தம்பியோ சில காலத்தின் பின் சமண் சமயம் சார்ந்து, தருமசேனர் என்னும் பெயருடன் பாடலிபுத்திரத்தில் தலைமை பெற்று விளங்கினார். எவர் பொருட்டு உயிர் சுமந்தாரோ அவரும் அகன்றார்.

இந்நிலையில் அம்மையார் செய்தது யாது? திருவதிகை சென்று மடம் அமைத்துத் தங்கினார். பொழுது புலருமுன் எழுந்து திருக்கோயிலில் திருவலகிட்டார், கோமயத்தால் மெழுகினார், பூக்கொய்து மாலை தொடுத்தார். நாளும் தம்பியை மீட்டருளுமாறு வேண்டினார். அவ்வேண்டுதல் பலிக்க நெடுங்காலம் ஆயிற்று.

முடிவில் இறைவன் கனவில் தோன்றி, "உன் தம்பி முன்னமே நம்மை அடையத் தவம் முயன்றவன், அவனைச் சூலை நோய் கொடுத்து ஆட்கொள்வோம்" என்னும் கருத்துப்பட அருளினான் என்று சேக்கிழார் பெருமான் கூறுகின்றார். அன்பர்களே, இவ்விடத்தில் சற்றே நின்று எண்ணுதல் வேண்டும். தமக்கை வேண்டியது தம்பியின் நலம். அவ்வேண்டுதலுக்குக் கிடைத்த விடையோ தம்பியின் வயிற்றில் மூண்ட கொடிய நோய்! அந்த நோயை மட்டும் கண்டவர், "இந்த அம்மை தொழுததற்கு இதுவா பயன்?" என்றே கேட்டிருப்பர். நம்மவர் கேள்வியும் அதுவேயன்றோ?

அந்நோயே தம்பியாரை இரவோடிரவாகத் தமக்கையின் வாயிலுக்குக் கொண்டு வந்தது. திலகவதியார் அவரைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "என்னை விட்டுச் சென்றாயே, அதனால் வந்த வினை" என்று சுட்டவில்லை. திருவைந்தெழுத்தோதித் திருநீறு அளித்தார். விடியற்காலை, அலகும் தோண்டியும் கொண்டு தாம் நாள்தோறும் தொண்டிற்குச் செல்லும் வழியிலேயே தம்பியையும் உடன் அழைத்துச் சென்றார். ஆங்குப் பிறந்ததே நான்காந் திருமுறையின் முதற் பதிகம். கொல்லிப் பண்ணில் அமைந்த அப்பதிகத்தைப் படிப்பவர்க்கு அது அமைதியில் அமர்ந்து பாடியது அன்று, வயிற்று வலியின் நடுவே எழுந்த கதறல் என்பது விளங்கும். நோய் நீங்கியது, மருணீக்கியார் நாவுக்கரசர் ஆனார்.

இதில் மற்றொன்றும் கருதத்தக்கது. திலகவதியார் இழந்த மூவரும் மீண்டு வரவில்லை. தந்தையும் தாயும் கலிப்பகையாரும் போனவர் போனவரே. வழிபாடு செய்தால் இழந்தவை யாவும் திரும்பக் கிட்டும் என்று பெரியபுராணம் நமக்குச் சொல்லவில்லை. அம்மையார்க்கு முதலில் கிடைத்தது ஒரு துடைப்பமும், கூட்டுவதற்கு ஒரு திருமுற்றமும். நாளைப் பொழுதை நடத்துவதற்கு ஒரு தொண்டு கிடைத்தது. அத்தொண்டே அவரைத் தாங்கியது; பின்னர் அவர் தம்பியைத் தாங்கியது; அத்தம்பி வாயிலாகத் தமிழ்நாடு முழுவதையும் தாங்கியது.

மறக்கருணை என்னும் அருள்

இறைவன் செய்யும் தொழில் ஐந்து என்பது சித்தாந்தம். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்பன அவை. இவற்றுள் மறைத்தல் என்னும் நான்காவது தொழிலே நம்மைப் பெரிதும் மயக்குவது. உயிர்கள் தம் வினைகளை நுகர்ந்து ஆணவ மலம் பக்குவப்படும் வரையில் இறைவன் தன்னைக் காட்டாது பின்னின்று நடத்துகின்றான். அவன் இல்லாதது போல் தோன்றும் காலமும் அவன் தொழில் நிகழும் காலமே ஆகும். ஆதலின் மறைத்தலும் அருளே என்று நம் ஆசிரியர்கள் வகுத்தனர். தாயின் அணைப்பைப் போன்றது அறக்கருணை. குழந்தை கதறக் கதற விளக்கெண்ணெய் புகட்டும் தாயின் கையைப் போன்றது மறக்கருணை. புகட்டுகின்றவளும் அணைப்பவளும் ஒருத்தியே என்பதைக் குழந்தை அப்போது அறியாது.

தேரோட்டத்தைக் கண்ட நமக்கு வேறோர் உவமையும் தேவையில்லை. ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுக்கின்றனர். தேர் விரைந்து வருகின்றது. வீதியின் திருப்பத்தில் ஒருவர் சக்கரத்தின் கீழே முட்டுக்கட்டையைச் செருகுகின்றார். தேர் அதிர்கின்றது, முனகுகின்றது, நின்று விடுகின்றது. புதிதாய்க் காண்பவர், "ஓடும் தேரை இவர் தடுக்கின்றாரே" என்று எண்ணக்கூடும். முட்டுக்கட்டை போடத் தெரிந்தவர் இல்லையேல் தேர் தெருமுனையில் திரும்பாது, சுவரில் மோதும். தடுக்கின்றவர் தேருக்குப் பகைவர் அல்லர். தேர் நான்கு வீதியும் சுற்றி நிலை சேர வேண்டும் என்னும் கருத்து அவருக்கே மிகுதி. நம் வாழ்விலும் எதிர்பாராது வந்து விழும் தடைகள் பல, நம்மைத் திருப்புதற்கென்று வந்தவை என்பது பின்னர் விளங்குகின்றது. சில, இப்பிறவியில் விளங்காமலே போவதும் உண்டு. விளங்காத இடத்தில் நம்பிக்கை ஒன்றே துணை.

வினை என்று வாளாவிருத்தல் ஆகாது

இங்ஙனம் கூறியதால், வரும் துன்பம் யாவற்றையும் கைகட்டி ஏற்றுக்கொண்டிருப்பதே சைவம் என்று ஒருவரும் கருதற்க. அதற்கு நேர்மாறான சான்று முதலாந் திருமுறையில் உள்ளது.

திருஞானசம்பந்தப் பெருமான் கொங்கு நாட்டில் கொடிமாடச் செங்குன்றூர் எனப்படும் திருச்செங்கோட்டில் தங்கியிருந்த காலத்தில் பனிக்காலம் வந்தது. அந்நாட்டின் இயல்பான குளிர்காய்ச்சல் உடன்வந்த அடியார்களைப் பற்றியது. அவர்கள் பிள்ளையாரிடம் முறையிட்டனர். அப்பொழுது அருளியதே திருநீலகண்டப் பதிகம். அதன் கருத்து நம்மைத் தட்டி எழுப்பத் தக்கது. முன்செய்த வினைக்கு இது பயன் என்று பேசிக்கொண்டே, உய்யும் வழியைத் தேடாமல் இருப்பது இழிவு அன்றோ என்று கேட்கின்றார் பிள்ளையார். தொண்டு செய்து இறைவன் கழலைப் போற்றுவோரை வினை வந்து தீண்டாது என்று திருநீலகண்டத்தின்மேல் ஆணையாகவே கூறுகின்றார். வினைக்கொள்கையை மறுத்தவர் அல்லர் அவர். அதனைச் சோம்பலுக்குப் போர்வையாக்குவதையே மறுத்தார். ஆகவே நோய் வந்தால் மருந்துண்பதும், கடன் வந்தால் உழைத்து அடைப்பதும், அநீதி வந்தால் அறவழியில் முறையிடுவதும் வழிபாட்டிற்கு முரண் ஆகா.

தம் துன்பத்திலேயே இப்படியென்றால், பிறர் துன்பத்தில் எப்படி? திருவீழிமிழலையில் நிகழ்ந்தது அதற்கு விடை தரும். நாவுக்கரசரும் ஞானசம்பந்தரும் ஒருங்கே அங்கு எழுந்தருளியிருந்த காலத்தில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. உலகத்தார் பசியால் வாடினர். அப்பெருமக்கள் "ஊரார் வினை, ஊரார் நுகர்கின்றனர்" என்று தம் பூசையில் ஆழ்ந்திருக்கவில்லை, உள்ளம் கவன்றனர். இறைவன் இருவர்க்கும் நாள்தோறும் பீடத்தில் ஒவ்வொரு பொற்காசு வைத்தருளினான். அக்காசு கொண்டு பண்டம் வாங்கி, பறை சாற்றி அடியார்களை அழைத்து, இரு மடங்களிலும் அமுதளித்தனர்.

அதிலும் ஒரு சிறு நிகழ்ச்சி உளது. பிள்ளையாரின் மடத்தில் மட்டும் நாள்தோறும் உணவு காலந்தாழ்ந்தது. காரணம் வினவியபோது, தம் காசைக் கடைக்காரர் வாசி கேட்டே பெறுகின்றனர், நாவுக்கரசர் காசையோ உடனே ஏற்கின்றனர் என்றனர் மடைப்பள்ளியார். உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்தவர்க்கு வாசியில்லாக் காசு கிடைத்தது என்பதைப் பிள்ளையார் உணர்ந்தார். காசின் குறை நீக்குமாறு பதிகம் பாடினார். மறுநாள் முதல் நற்காசு கிடைத்தது. முதலாந் திருமுறையில், குறளடிகளால் ஆன மிகச் சிறிய பாடல்களாக அமைந்துள்ளது அப்பதிகம். கடைத்தெருவில் காசு செல்லவில்லை, அடுப்பில் உலை நேரத்திற்கு ஏறவில்லை என்னும் வீட்டுக் கவலையும் இறைவன் திருமுன் வைக்கத்தக்கதே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? "இவ்வளவு சிறியதைக் கேட்கலாமா?" என்று தயங்குவோர் திருவீழிமிழலையை நினைத்தல் வேண்டும்.

ஆனால் ஒன்று. அக்காசு எதற்குக் கேட்கப்பட்டது? ஊர்ப்பசி தீர்ப்பதற்கு. தன் பசியைச் சொல்லத் தொடங்கிய வேண்டுதல் பிறர் பசியையும் நினைக்கத் தொடங்கும்போது முதிர்ச்சி அடைகின்றது.

முதலில் ஊன்றுகோல், பின்னரே கண்

கேட்டது முழுதும் உடனே கிடைப்பதில்லை என்பதற்கும் திருமுறையே சான்று. சுந்தரமூர்த்தி சுவாமிகள் இறைவனுக்குத் தோழர். திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியேன் என்று சூளுரைத்தவர், திருவாரூர் வசந்தவிழாவை நினைந்து ஊரெல்லையைக் கடந்தார். கண்ணொளி மறைந்தது. தோழரென்று இறைவன் விலக்கு அளிக்கவில்லை; பிழை செய்தார் என்று கைவிடவும் இல்லை.

கண் காணாது வழிநடந்து திருவெண்பாக்கம் வந்து பாடினார் சுவாமிகள். கண் கிடைக்கவில்லை, ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. அதனைப் பற்றிக்கொண்டு மேலும் நடந்தார். காஞ்சியில் இடக்கண் பார்வை பெற்றார். திருவாரூரை அடைந்த பின்னரே வலக்கண் ஒளி பெற்றது. திருவெண்பாக்கத்து இறைவர்க்கு ஊன்றீசுவரர் என்பது திருநாமம், அம்மை மின்னொளியம்மை. பழைய கோயில் இருந்த இடம் 1944-ஆம் ஆண்டில் கட்டிமுடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்துள் அடங்கியதால், இப்பொழுது அதன் அருகில் எடுத்தமைக்கப்பட்ட ஆலயத்தில் பெருமான் எழுந்தருளியுள்ளார்.

கண்ணைக் கேட்டவர்க்குக் கோலைத் தந்தது ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆயினும் கோல் இல்லையேல் காஞ்சிக்குச் செல்லும் வழி ஏது? நாம் கேட்பது கண். இன்றைக்குக் கிடைப்பது பெரும்பாலும் கோல். தக்க வேளையில் உதவிய அயலார் ஒருவர், இன்று ஒரு நாளைத் தாங்கும் அளவு மனவலிமை, உறக்கம் வராத இரவில் நினைவிற்கு வந்த ஒரு பதிகம், இவையெல்லாம் ஊன்றுகோல்கள். கண் வரவில்லையே என்று கோலை எறிந்துவிடாமல் அதனை ஊன்றி அடுத்த ஊர் வரை நடப்பதே அடியார் இயல்பு. அவ்வாறு நடந்தவர் வழியெல்லாம் பாடிக்கொண்டே சென்றார் என்பதை மறத்தலாகாது. ஏழாந் திருமுறையில் அப்பாடல்கள் இருக்கின்றன. உரிமையோடு சினந்து கேட்ட சொற்களும் அவற்றுள் உள்ளன. இறைவனிடம் மனம் நொந்து பேசுதல் குற்றமாயின் அவை திருமுறையில் இடம் பெற்றிரா.

தொழிலைத் துறவாத வழிபாடு

"எமக்கு ஏது நேரம்? பிழைப்பே பெரும்பாடாயிருக்கின்றதே" என்போர்க்கு அதிபத்த நாயனார் விடை கூறுவார். நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் பிறந்த பரதவர் அவர். வலையில் அகப்படும் மீன்களுள் ஒன்றை நாள்தோறும் இறைவனுக்கென்று கடலில் விடுவது அவர் கொண்ட நியமம். கடலில் மீன் அருகிய காலம் வந்தது. நாளொன்றுக்கு ஒரு மீனே கிடைத்தது. அதனையும் விட்டுவிட்டுச் சுற்றத்தோடு பசித்திருந்தார். பின்னர் ஒருநாள் கிடைத்த ஒற்றை மீன் பொன்னும் மணியுமாய் ஒளிர்ந்தது. அதனையும் இறைவனுக்கே என்று விட்டார். இறைவன் காட்சி தந்தான். இன்றும் ஆவணித் திங்களில் நாகைக் கடலில் தங்கமீனை விடும் விழா நடைபெறுகின்றது.

நாயனார் வலையை விட்டுவிட்டு மலைக்குப் போகவில்லை. பிழைப்பு நடந்த அதே படகில், அதே வலையில் வழிபாட்டிற்கு ஓர் இடம் ஒதுக்கினார். துணி வெளுத்த திருக்குறிப்புத் தொண்டரும், மண் வனைந்த திருநீலகண்டரும், ஆனிரை மேய்த்த ஆனாயரும் இவ்வாறே தத்தம் தொழிலிடையே இறைவனைக் கண்டனர். தனியடியார் அறுபத்து மூவருள் காட்டிற்குச் சென்று கண் மூடியிருந்தவரைக் காட்டிலும் வீட்டிலும் வீதியிலும் வயலிலும் வாழ்ந்தவரே மிகுதி என்பது நமக்குப் பெரியதோர் ஆறுதல்.

ஓதுதலே விண்ணப்பம்

முதலாம் இராசராச சோழர் (985–1014) தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் திருப்பதியம் பாடுதற்கென 48 பேரையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிப்பதற்கு இருவரையும், ஆக 50 பேரை அமர்த்தி, ஒவ்வொருவர்க்கும் நாள் ஒன்றுக்கு முக்குறுணி நெல் வழங்க ஏற்பாடு செய்ததை அக்கோயிற் கல்வெட்டுக் கூறுகின்றது. அங்கே "பாடுதல்" என்னும் சொல்லுக்குப் பதிலாக வழங்கும் சொல் எது தெரியுமா? "விண்ணப்பம் செய்தல்" என்பதே. திருமுறையை ஓதுவதும் இறைவனிடம் விண்ணப்பித்துக் கொள்வதும் முன்னோர்க்கு இரண்டல்ல, ஒன்றே.

இதில் ஓர் அரிய உண்மை அடங்கியுள்ளது. பெருந்துன்பம் வந்தபோது நமக்குச் சொல் வருவதில்லை. நெஞ்சு அடைக்கின்றது, நா எழுவதில்லை. அப்பொழுது நமக்காக முன்னமே அழுது, முன்னமே இறைஞ்சி, விடையும் பெற்றவர்களின் சொற்கள் நமக்கு வாயாகின்றன. நோயில் நாவுக்கரசர் வாக்கு, பொருள் முட்டில் சம்பந்தர் வாக்கு, பிழையுணர்ந்த வேளையில் சுந்தரர் வாக்கு, உள்ளம் உருகும் வேளையில் மணிவாசகர் வாக்கு. அடிமையாகவும், மகனாகவும், தோழனாகவும், ஞானியாகவும் நின்று பேசும் நால்வகை மொழியையும் நமக்கு வைத்துச் சென்றனர் அந்நால்வர். தில்லையில் பூட்டிய அறையில் கறையான் அரித்தது போக எஞ்சியவை இவை என்பது வரலாறு. நம்பியாண்டார் நம்பிகள் தொகுத்து அளித்த அச்செல்வம் இன்று அச்சில், உரையுடன், எளிதிற் கிடைக்கின்றது. ஏட்டைக் கறையான் அரித்தது அக்காலம்; அச்சிட்ட நூல் அலமாரியில் தூசு படிந்து கிடப்பது இக்காலம்.

ஆகவே இல்லறத்தார் கைக்கொள்ளத்தக்க எளிய முறை ஒன்றை இங்குக் குறிப்பிடுகின்றோம். காலையில் நீராடித் திருநீறு அணிந்து விளக்கேற்றுக. திருவைந்தெழுத்தை நிதானமாக எண்ணி ஓதுக. பின்னர் ஒரு பதிகம். பெரும்பாலும் பத்துப் பதினொரு பாடல்கள். அதற்கும் பொழுதில்லையேல் ஆலயங்களில் பூசை நிறைவில் ஓதுவார் பாடும் பஞ்சபுராண முறையைப் பின்பற்றுக. தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என ஐந்து பாடல்கள். சில நிமிடங்களே ஆகும். பண் தெரியாதவர் பொருளுணர்ந்து படித்தால் போதும். தம் ஊர்க்கோ அருகிலுள்ள ஊர்க்கோ பதிகம் இருப்பின் அதனை மனப்பாடம் செய்வது மிக நன்று.

ஓதி முடித்த பின் உடனே எழுந்துவிடற்க. தம் குறையைத் தம் சொந்தச் சொல்லால் இறைவனிடம் கூறுக. எவ்வளவு சிறியதாயினும் கூறுக. மனம் நொந்திருப்பின் அதனையும் கூறுக. கூறிய பின் சற்றே வாய் மூடி இருக்க. அதன் பின் எழுந்து அன்றைய கடமையைச் செய்க. அந்நாளில் தம்மினும் இன்னலுற்ற ஒருவர்க்கு ஓர் உதவி, ஓர் உருண்டைச் சோறோ ஓர் ஆறுதற் சொல்லோ, தவறாது செய்க. விண்ணப்பம் வாயளவில் நில்லாமல் கைக்கு வருவதற்கு இதுவே வழி.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. துன்புற்றோர் வீட்டிற்குச் செல்லும்போது சாத்திரம் பேசாதிருத்தல் நலம். வினையென்றும் விதியென்றும் நாம் கற்றவை நம்மை நாமே திருத்திக்கொள்வதற்கு. பிறரை அளப்பதற்கு அல்ல. திலகவதியார் செய்தது போல, முதலில் திருநீறும், அருகிருத்தலும், உடன் நடத்தலும் போதும்.

துன்பம் ஓய்ந்ததா?

சூலை நீங்கிய பின் நாவுக்கரசர்க்கு இன்னல் ஓய்ந்ததா என்றால், இல்லை. நீற்றறையில் ஏழு நாள் அடைக்கப்பட்டார், நஞ்சூட்டப்பட்டார், யானைக்கு முன் நிறுத்தப்பட்டார், கல்லில் கட்டிக் கடலில் இடப்பட்டார். முன்னையதினும் இன்னல் பெருகிற்று. ஓய்ந்தது இன்னல் அன்று, அச்சம். நீற்றறையிலும் இறைவன் திருவடி நிழலின் தண்மையையே அவர் கண்டார். கடலிலும் திருவைந்தெழுத்தே அவர்க்குத் தெப்பமாயிற்று. முதுமையில் திருப்புகலூரில் உழவாரத்தால் புல் செதுக்கிய இடமெல்லாம் பொன்னும் நவமணியும் விளங்கியபோது அவற்றைப் பருக்கைக் கல்லோடு ஒப்ப எண்ணி உழவாரத்தில் ஏந்திக் குளத்தில் எறிந்தார். வலி தீர வேண்டும் என்று கதறித் தொடங்கியவர், வேண்டுவது ஒன்றும் இல்லாத நிலையில் நிறைந்தார். அத்துணை நெடிய வழியும் ஒரு பெண்மணி விடியற்காலையில் அலகு ஏந்தி நடந்த வழியில்தான் தொடங்கியது.

நாமும் அவ்வழியில் ஓர் அடி வைப்போம். இன்னல் தீர்ந்த பின் அன்று, இன்றே, இன்னலோடேயே. சுமையை இறக்கிவைத்து வரச்சொல்லி எந்தத் திருவாயிலும் நமக்கு அடைக்கப்படவில்லை. சுமந்தபடியே வருக, ஓதுக, உரைக்க, உழைக்க, உதவுக. மறைந்து நின்று நடத்துகின்றவன், பக்குவம் வந்த வேளையில் வெளிநின்று அருளுவான்.

அன்பர் அனைவர்க்கும் திருமுறையில் நாட்டமும், இன்னலில் தளராத நெஞ்சும், பிறர் இன்னலைக் கண்டு இரங்கும் கையும் வாய்க்குமாறு அம்மையப்பர் திருவடிகளைச் சிந்தித்து அமைகின்றோம்.

திருச்சிற்றம்பலம்